மூன்று பொத்தான் சைரன்

போன வாரம் பழைய கம்பெனியிலிருந்து நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்த பெண். ஒரு மருந்து குடோனில் வெப்பநிலைக் கண்காணிப்பு அமைத்துக் கொடுத்திருக்கிறாள். சூடு ஏறினால் குடோன்காரர்கள் எல்லாருடைய கைபேசிக்கும் ஒரே நேரத்தில் தகவல் போய்விடும். போய்க்கொண்டும் இருக்கிறது. ஆனால் அத்தனை பேரும் அதை மியூட்டில் போட்டுவிட்டார்களாம். சிஸ்டம் சரியாகத்தான் இருக்கிறது மேடம், ஆட்கள்தான் சரியில்லை என்று வருத்தப்பட்டாள். நாமக்கல் பக்கத்து அண்ணன் தம்பிகள் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் பேருந்து ஏற வேண்டியிருந்ததால் பாதியில் வைத்துவிட்டாள். மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. சேலத்துக்காரி. இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்துவிட்டு ஊரிலேயே ஃபேர்லேண்ட்ஸில் இருந்த ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தேன். அங்கேயே வேலை பார்த்து அங்கேயே ஓய்வு பெற்றேன். முதல் சில வருடங்கள் ஜவ்வரிசி ஆலைகளில் உலர்த்தியின் சூட்டை அளப்பது, நூற்பாலைகளில் காற்றின் ஈரப்பதம் பார்ப்பது என்று ஓடியது. வெயில், ஏணி, வயர் என்ற மூன்று வார்த்தைகளில் அந்தக் காலத்தைச் சொல்லி முடித்துவிடலாம்.

எனக்கு மேலே இருந்தவர் மாணிக்கம் சார். ஒல்லியாக இருப்பார். யாரையும் திட்ட மாட்டார், யாரையும் பாராட்டவும் மாட்டார். சென்சாரை எங்கே வைப்பது என்று ஒரு நாள் முழுக்க யோசிப்பார். கதவருகே கூடாது, மின்விசிறிக்கு நேர் கீழே கூடாது, வெயில் படும் சுவரில் கூடவே கூடாது. வைத்த பிறகு அலாரம் பேனலில் இருக்கும் 'டெஸ்ட்' பொத்தானை அமுக்கிப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. பொத்தானை அமுக்கினால் பொத்தான் வேலை செய்கிறதா என்றுதான் தெரியும் என்பார். நிஜமாகவே சூடு உண்டாக்குவார். மறு முனையில் இருக்கிற ஆளுக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டார். பிறகு பேனலுக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். யாராவது ஒருத்தர் மூச்சிரைக்க ஓடிவந்து நிற்கும்வரை எழுந்திருக்க மாட்டார்.

"அலாரம் அடிக்கிறது பாதி வேலை ஸ்டெல்லா. ஆள் வர்றது மீதிப் பாதி. நாம ரெண்டுக்கும் கையெழுத்துப் போடறோம்" என்று ஒருமுறை சொன்னார். அவர் தொழிலைப் பற்றி என்னிடம் சொன்னதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

கெங்கவல்லியில் ஒரு மக்காச்சோளக் கிடங்கில் தினமும் காலையில் ஈரப்பதம் திடீரென்று ஏறி அலாரம் அடித்தது. கூரை ஒழுகுகிறது என்று உரிமையாளர் ஓடுகளையெல்லாம் மாற்றிவிட்டார். அப்போது மழையே இல்லை. மாணிக்கம் சாரும் நானும் ஒரு காலை முழுக்க அங்கே மூட்டை மேல் உட்கார்ந்திருந்தோம். காவலாளி குளித்துவிட்டு வந்தார், எங்களுக்கு வணக்கம் வைத்தார், ஈரத்துண்டைப் பிழிந்து சென்சார் பெட்டியின் மேல் காயப் போட்டார், அலாரம் அடித்ததும் எங்களைப் பெருமையாகப் பார்த்தார். பாருங்க, நான் வந்தவுடனே அடிக்குதுங்க என்றார். தன்னை வரவேற்கத்தான் அது அடிக்கிறது என்று மனிதர் அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்.

நாமக்கல் வேலை அதைவிடப் பெரியது. கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேட்சரி. முட்டைகளை அடைவைக்கும் அறைகள் ஒரு பக்கம், கடைசி மூன்று நாட்களுக்கான பொரிப்பு அறைகள் மறுபக்கம். அடைவைத்த முட்டைக்கு நாம்தான் சூடு கொடுக்க வேண்டும். பொரிக்கும் நேரத்தில் அப்படியில்லை. உள்ளே இருக்கிற உயிர்களே சூட்டைக் கக்கும். அப்போது மின்விசிறி நின்றால், ஒரு மதிய உணவு நேரத்துக்குள் அறை முழுக்கக் குஞ்சுகள் மூச்சுத் திணறிச் செத்துவிடும். அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

உரிமையாளர்கள் மூன்று பேர், கூடப் பிறந்தவர்கள். மூத்தவர் சென்னியப்பன், நடுவில் முத்துசாமி, இளையவர் குழந்தைவேல். குழந்தைவேலுக்கே தலை நரைத்திருந்தது. ஹேட்சரியைச் சுற்றியே மூன்று வீடுகள். மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. முத்துசாமி மகளின் கல்யாணப் பத்திரிகையில் சென்னியப்பனின் பெயர் குழந்தைவேலின் பெயருக்குக் கீழே அச்சாகிவிட்டது. அதற்குப் பெரியவர் முத்துசாமியைக் கேட்டார். முத்துசாமி, பத்திரிகையைச் சரிபார்த்தது குழந்தைவேல்தான் என்றார். குழந்தைவேலோ தன்மேல் பழி போட்டதற்காக இருவரோடும் பேச்சை நிறுத்திக்கொண்டார். அந்தக் கல்யாணத் தம்பதிக்குப் பிறந்த குழந்தை அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது.

தொழில் மட்டும் நடந்தது. எதுவானாலும் சூப்பர்வைசர் சரசு வழியாகத்தான். சரசு, பெரியவரைக் கேளு. சரசு, தம்பிகிட்டச் சொல்லு. மூன்று பேரும் ஒரே அறையில் இருக்கும்போதும் இப்படித்தான். சரசு நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி அதே வாக்கியத்தை மறுபடி சொல்வாள்.

நாங்கள் வைத்த பேனலில் சூடு ஏறினால் சைரன் அடிக்கும். கூடவே அது போனிலும் கூப்பிடும். போனில் பேச என் குரலைத்தான் பதிவு செய்திருந்தோம்: "ஹேட்சரியில் வெப்பம் கூடுகிறது. உடனே வரவும்." முதலில் யாருக்குப் போன் போக வேண்டும் என்று கேட்டேன். அங்கேதான் ஆரம்பித்தது.

"மூத்தவன் நானிருக்கறப்போ வேற யாரைக் கேக்கறீங்க அம்மிணி?" என்றார் சென்னியப்பன்.

முத்துசாமி சரசுவைப் பார்த்து, ராத்திரி பகல் பாராமல் இங்கேயே கிடப்பது யாரென்று அந்த மேடத்துக்குச் சொல் என்றார். குழந்தைவேல் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மாணிக்கம் சார் இரண்டு நாள் யோசித்தார். பிறகு மூன்று சிம் கார்டு, மூன்று கருவி வைத்து, மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் போன் போகிற மாதிரி செய்தார். வரிசையே கிடையாது. அடுத்த சிக்கல் பொத்தான். வந்தவர் ஒரு பொத்தானை அமுக்கினால் சைரன் நிற்கும். அதை யார் அமுக்குவது? ஒருவர் அமுக்கிவிட்டால் மற்ற இருவரும் எதற்கு வந்தார்கள்? சார் பேனலில் மூன்று பொத்தான் வைத்தார். மூன்றும் அமுக்கப்பட்டால்தான் சைரன் நிற்கும். இப்படி ஒரு பேனலை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லையே சார் என்றேன். ஒருத்தர் வரணும்னுதானே கேக்கறோம், மூணு பேர் வந்தா நல்லதுதானே என்றார்.

சோதனை நாளில் சூடு உண்டாக்கினோம். சைரன் அடித்தது. மூன்று வீடுகளிலிருந்தும் மூன்று பேர் ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு பொத்தானை அமுக்கினார்கள். யார் முகத்தையும் யாரும் பார்க்காமல் மூன்று திசையில் திரும்பிப் போனார்கள். சார் கையெழுத்துப் போட்டார்.

சில வாரங்களில் புகார் வந்தது. பொய்யாக அலாரம் அடிக்கிறது. வாரத்துக்கு மூன்று நான்கு தடவை. நான் போய் சென்சாரை மாற்றினேன். பிறகு வயரை மாற்றினேன். பிறகு பேனலின் சர்க்யூட் போர்டையே மாற்றினேன். நிற்கவில்லை. பதிவுகளை எடுத்துப் பார்த்தால் எப்போதும் ஒரே மாதிரி. ஒரு அறையில் ஒரு சென்சார் மட்டும் விறுவிறுவென்று ஏறுகிறது. அதே அறையில் மற்றவை அசையவில்லை. சில நாட்களில் சூட்டோடு ஈரப்பதமும் சேர்ந்து ஏறியிருந்தது. அந்த மாதிரி சூடு இயந்திரத்திலிருந்து வராது.

ஒரு நாள் காலை முட்டைத் தட்டு அடுக்கிய டிராலிகளுக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். கதவு திறந்தது. முத்துசாமி வந்தார். வாசலில் கிருமிநாசினித் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் வந்தார், அதில் குறை சொல்ல முடியாது. கையில் ஆவி பறக்கும் டீ டம்ளர். சென்சாருக்குக் கீழே டம்ளரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கதவு திறந்து மூடுவதற்கெல்லாம் அலாரம் அடித்துவிடக் கூடாதென்று நாங்கள் சில நிமிடத் தாமதம் வைத்திருந்தோம். அந்தத் தாமதம் முடியும்வரை கை மாற்றி மாற்றிப் பிடித்தார். சைரன் அடித்ததும் ஒரு வாய் டீ குடித்துவிட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்தார்.

டீ ஆறிவிட்டதா என்று கேட்டேன்.

"தீவனக்காரன் வந்திருக்கறானுங்க. அண்ணங்கிட்டக் கேக்காம முடிவு சொல்ல முடியாது" என்றார். "சரசு வேற லீவுங்க."

அதற்குள் பெரியவரும் குழந்தைவேலும் பேனலுக்கு ஓடிவந்துவிட்டார்கள். முத்துசாமியும் போய் நின்றார். பொத்தானை அமுக்கியபடியே பேனலைப் பார்த்து, தீவனக்காரன் வந்திருக்கிறான், பழைய விலைக்கே தருகிறானாம் என்றார். பெரியவரும் பேனலைப் பார்த்து, வாங்கிப் போடலாம் என்றார். குழந்தைவேல் பேனலைப் பார்த்துத் தலையாட்டினார். கலைந்து போனார்கள்.

பிறகுதான் விசாரித்தேன். மூன்று பேருக்கும் இது பழகிவிட்டிருந்தது. ஆளுக்கொரு சென்சார். பெரியவர் வெந்நீரில் முக்கிய துண்டைச் சென்சார்மேல் பொத்திக்கொண்டு நிற்பார். குழந்தைவேல் மனைவியின் ஹேர் டிரையரைக் கொண்டு வருவார். தொழிலாளிப் பெண்கள் சைரன் அடித்தால் தலையைக்கூடத் தூக்குவதில்லை. "மொதலாளிக பேசிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

மாணிக்கம் சாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சென்சார்களை உயரத்துக்கு மாற்றினார்; ஸ்டூல் வந்தது. பிறகு ஹேட்சரியிலிருந்து மூன்று வீட்டுக்கும் காலிங் பெல் இணைப்புக் கொடுத்தார். முட்டைக்கு அலாரம், மனுஷனுக்குப் பெல் என்று சரசுவை வைத்து மூன்று பேருக்கும் சொல்லச் சொன்னார். ஒருவரும் பெல்லைத் தொடவில்லை. காரணத்தைச் சரசுதான் எனக்கு விளக்கினாள். பெல் அடித்தால், நான் உன்னைக் கூப்பிட்டேன் என்று ஆகிவிடும். சைரன் அடித்தால் மெஷின் கூப்பிட்டது. மெஷின் கூப்பிட்டு வருவதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

திரும்பி வரும்போது, வேன் மல்லூர் தாண்டிய பிறகு சார், ஒருநாள் அது நிஜமாக அடிக்கும் ஸ்டெல்லா என்றார்.

அடித்தது. சித்திரை மாதம், நல்ல வெயில். சென்னியப்பனின் பேரனுக்குக் காதுகுத்து. மண்டபம் ஹேட்சரியிலிருந்து கொஞ்சம் தூரத்தில். பங்காளிகள் வராமல் சீர் செய்ய முடியாது என்பதால் தம்பிகள் வந்திருந்தார்கள். சரசு வந்திருந்தாள். சாருக்கும் எனக்கும்கூட அழைப்பு. முக்கியமானவர்கள் எல்லாரும் மண்டபத்தில். ஹேட்சரியில் தொழிலாளிகள் சிலர் மட்டும்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. பெரியவர் மேடைப் பக்கம் நின்று விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தார். முத்துசாமி ஒரு வரிசையில், குழந்தைவேல் எதிர் வரிசையின் கடைசியில். எனக்கு ரசம் ஊற்றினார்கள். அப்போது மூன்று பேரின் போன்களும் ஒன்றாக அடித்தன. மூன்று பேரும் வீட்டு விசேஷம் என்று சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். மூவரும் எடுத்ததும் மண்டபத்தின் மூன்று மூலையிலிருந்தும் என் குரலே எனக்குக் கேட்டது. ஹேட்சரியில் வெப்பம் கூடுகிறது. உடனே வரவும்.

பெரியவருக்கு எரிச்சல். விசேஷ நாளில்கூட விடமாட்டேன் என்கிறானே என்ற முகத்தோடு முத்துசாமியைத் தேடினார். முத்துசாமி இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து குழந்தைவேலைத் தேடினார். குழந்தைவேல் அப்பளத்தை நொறுக்கியபடி அண்ணன்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பக்கத்து இலையிலிருந்து மாணிக்கம் சார் எழுந்தார். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் அவர் எழுந்து நான் பார்த்ததே இல்லை.

"மூணு பேரும் இங்க இருக்கீங்க" என்றார். "அங்க யாரு?"

அது அவர்களுக்கு உறைக்க ஒரு கணம் ஆனது. பிறகு மூவரும் வாசலுக்கு ஓடினார்கள், தம்பிகள் இருவரும் எச்சில் கையோடு. மூவருடைய கார்களும் மண்டப வளாகத்துக்குள்ளே, சமையல் பாத்திரம் ஏற்றிவந்த லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தன. தெருவில் நின்றது எங்கள் கம்பெனி வேன் மட்டும்தான். நான் ஓட்டினேன். சார் முன்னால். பட்டு வேட்டியோடு மூன்று அண்ணன் தம்பிகளும் பின்னால், ஏணிக்கும் வயர் சுருளுக்கும் நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். சரசு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். வழியெல்லாம் சரசுவின் போனிலிருந்து ஹேட்சரிக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். ஆபீஸ் அறையில் மணி அடித்தது, எடுக்க ஆளில்லை.

அப்போதும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. மேற்கே சந்து வழியாகப் போகச் சொல்லு என்று பெரியவர் சரசுவிடம் சொன்னார். சந்தில் குழாய் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், மெயின் ரோட்டிலேயே போகச் சொல்லு என்று முத்துசாமி சரசுவிடம் சொன்னார். சரசு இரண்டையும் என்னிடம் சொன்னாள். நான் மெயின் ரோட்டில் போனேன்.

கேட்டை நெருங்கும்போதே சைரன் கேட்டது. வேப்ப மரத்தடியில் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வேனிலிருந்து மூன்று முதலாளிகளும் சேர்ந்து குதிப்பதைப் பார்த்து ஒருத்தியின் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது.

மின்சாரம் போயிருந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. விளக்குகளும் எரிந்தன. ஆனால் பொரிப்பு அறைகளில் ஒன்றுக்கு ஜெனரேட்டர் மின்சாரத்தை மாற்றிவிடும் சுவிட்ச் வேலை செய்யவில்லை. அந்த அறையில் மட்டும் மின்விசிறி நின்றுவிட்டது. கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த காற்று இன்னும் நினைவிருக்கிறது. சூடு, ஈரம், இறகு வாசம். உள்ளே கீச்சொலி இருந்தது. ஆனால் அது வழக்கமான சத்தம் இல்லை. வாயைத் திறந்துகொண்டு குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன.

டிராலிகளை வெளியே இழுக்க வேண்டும். முதல் டிராலியின் சக்கரம் வாசல் விளிம்பில் மாட்டிக்கொண்டது. பெரியவர் ஒற்றை ஆளாக இழுத்தார். அசையவில்லை.

"முத்து, அந்தப் பக்கம் தூக்குடா" என்றார்.

"தூக்கிட்டேனுங்கண்ணா. நீங்க கையை எடுங்க, நசுங்கிப்போகும். டேய் குழந்தை, கீழ புடி."

குழந்தைவேல் தரையில் படுத்துச் சக்கரத்தைத் தோளால் தள்ளினார். டிராலி வந்தது. அடுத்தது வந்தது. பெண்கள் ஓடிவந்து தட்டுகளை மர நிழலுக்குத் தூக்கினார்கள். பெரியவர் தோள் துண்டால் விசிறினார். சார் சுவிட்சைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் டார்ச் பிடித்தேன். கடைசி டிராலியின் மேல்தட்டுகளில் இருந்த குஞ்சுகள் போய்விட்டன. மற்றவை கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தைத் தூக்கின. முத்துசாமி செத்த குஞ்சுகளை வேட்டி மடியில் சேர்த்தபடி அழுதுகொண்டிருந்தார். அவர் அழுவதை மறைக்கவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

இத்தனை நேரமும் சைரன் ஓயவில்லை. கடைசியில் மூவரும் பேனலுக்கு முன்னால் வந்து நின்றார்கள். நீங்க அமுத்துங்கண்ணா என்றார் முத்துசாமி. சின்னவனே மொதல்ல அமுத்தட்டும் என்றார் பெரியவர். அண்ணன்கள் இருவர் நிற்கும்போது தான் முந்துவது முறையில்லை என்றார் குழந்தைவேல். ஒவ்வொருவரும் மற்றவரை முன்னால் தள்ளிக்கொண்டு இருந்தார்கள். எங்களுக்குக் காது கிழிந்தது. சரசுதான் இடையில் புகுந்து மூன்று பொத்தானையும் வரிசையாக அமுக்கினாள்.

அதன் பிறகு சார் அந்த மூன்று பொத்தான்களையும் எடுத்துவிட்டு ஒன்றாக்கினார். அண்ணன் தம்பிகளின் எண்களோடு சரசுவின் எண்ணையும், அந்தந்த வேளை வேலையில் இருக்கும் தொழிலாளியின் எண்ணையும் சேர்த்தோம். மின்விசிறிகளுக்கு அறைக்கு அறை தனியாக ஒரு கண்காணிப்பு வைத்தோம். வேலை முடிந்து, வழக்கம்போல யாருக்கும் சொல்லாமல் சோதிக்க ஒரு நாள் போனோம்.

மூன்று பேரும் முற்றத்தில் இருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தார்கள். புது ஷெட் கிழக்கே பார்க்க வேண்டுமா வடக்கே பார்க்க வேண்டுமா என்று. அத்தனை வருடப் பேச்சையும் ஒரே நாளில் முடித்துவிடும் வேகத்தில் மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இவங்க பேசிக்காம இருந்தப்போ நான் மத்தியானம் சாப்பிட்டேனுங்க மேடம், இப்ப பஞ்சாயத்துப் பண்ணவே நேரம் பத்தலீங்க என்றாள் சரசு.

நான் உள்ளே போய்ச் சூடு உண்டாக்கிவிட்டு முற்றத்துக்கு வந்து நின்றேன். அவர்கள் தலைக்கு மேலே இருந்த சைரன் அடித்தது. சரசு ஓடிவந்து பேனலுக்கு முன்னால் நின்றாள். சோதனை தேறியது. முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. மூன்று சட்டைப் பையிலும் போன் அடித்தது. கடைசியில் பெரியவர் மட்டும் எடுத்துக் காதில் வைத்தார். வெப்பம் கூடுகிறது, உடனே வரவும் என்று அதில் நான் சொல்வது எனக்கே கேட்டது. அவருக்குப் பத்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஒரு நிமிசம் இருங்க அம்மிணி" என்றார் போனிடம், மரியாதையாக. "தம்பிககிட்டப் பேசிட்டிருக்கறேன்."